டிவி ஓடாத வீடு

கல்ஃபில் இருக்கிற கல்யாணமான எவனையும் கேட்டுப் பாருங்கள். வீட்டோடு போனில் பேச விஷயம் தீர்ந்துபோன நாள் ஒன்று அவனுக்கும் வந்திருக்கும். “சாப்ட்டியளா?” “சாப்ட்டேன்.” “என்ன கொழம்பு?” “பருப்பு.” அதோடு சரி. அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான். காசு கட்டிப் பேசுகிற நெட் போனில் மூச்சுச் சத்தம் கேட்பதைப் போல எரிச்சல் வேறில்லை. என் மனைவி பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரில் இருக்கிறாள், நான் அல் குசைஸில் இருக்கிறேன். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். “பேசறதுக்கு ஒண்ணும் இல்லன்னா வச்சிரு” என்று சொல்லிவிட்டு நானே வைத்துவிடுவேன்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு மெகா சீரியல். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். எங்கள் கம்பெனி அறையில் நாலு பேர். மூத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணன், ஸ்டோர் கீப்பர். சாயங்காலம் ஏழு மணியானால் குளித்து, விபூதி பூசி, டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஊரில் எட்டரைக்கு ஓடுகிற நாடகம் இங்கே ஏழு மணிக்கு வரும். “என்னண்ணே, அரைச்ச மாவையே அரைக்கிறானுங்க, அதையும் உக்காந்து பாக்குறீங்களே” என்பேன். அவர் கண்ணை எடுக்காமல், “சும்மா இரும் தம்பி” என்பார்.

ஒரு நாள் வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போன் போட்டால், அவள் அதே நாடகத்தைப் பற்றிப் பொருமிக்கொண்டிருந்தாள். மூத்த மருமகள் நகையை எடுத்து ஒளித்துவிட்டுச் சின்னவள் மேல் பழி போட்டுவிட்டாளாம். “அவ எடுத்து அரிசிப் பானைக்குள்ள வச்சத நானே பாத்தேனே” என்றேன் வாய் தவறி. அந்தப் பக்கம் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. அப்புறம், “நீங்களும் பாக்குறியளா!” என்று ஒரு கூச்சல். எங்கள் கல்யாணம் நிச்சயமானபோதுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அன்றைக்குப் பேசி முடிக்கும்போது போன் கையைச் சுட்டது.

அதுவே வழக்கமாகிவிட்டது. நான் இங்கே பார்ப்பேன், அவள் அங்கே பார்ப்பாள், முடிந்ததும் போன். மருமகள்களில் ஆரம்பித்து, எதிர்வீட்டுச் சண்டை, வாசலில் வைத்த முருங்கை, மகளின் பள்ளிக்கூடம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். நாடகம் ஒரு சாக்குதான். ஆனால் அந்தச் சாக்கு இல்லாவிட்டால் முருங்கை பூத்த கதை எனக்கு வந்திருக்காது.

அம்மா, தம்பி என்று வீட்டில் எல்லோரும் நாடகக் கட்சி, இதற்கு ஒரே ஒரு எதிரி என் அப்பா. அவருக்குச் செய்தி சானல் வேண்டும். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாதம் என்றால் பொங்கல் சாப்பிட்ட மாதிரி. எட்டரைக்கு என் மனைவி ரிமோட்டை வாங்கிவிடுவாள். இவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போவார். ஆனால் அந்த நாடகத்தில் ஒரு பெரியவர் உண்டு, வீட்டில் நடக்கிற அத்தனை அக்கிரமத்துக்கும் காது கேட்காத மாதிரி நடிப்பார். அவர் குரல் வந்தால் மட்டும் அப்பா நிலைப்படியில் வந்து நின்றுகொள்வாராம். நாடகம் முடிந்த அடுத்த நொடி ரிமோட் அவர் கைக்குப் போய்விடும். அதனால் நான் போன் போடும்போதெல்லாம் அவள் குரலுக்குப் பின்னால் விவாதம் நடந்துகொண்டிருக்கும். “அப்பாவச் சவுண்டக் கொறைக்கச் சொல்லு” என்று இங்கிருந்து நான் கத்துவேன். “அவன அங்க ஏசி சவுண்டக் கொறைக்கச் சொல்லு” என்று அவர் அங்கிருந்து கத்துவார். அப்பாவும் நானும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

நான் ஏசி மெயின்டனன்ஸ் ஆள், ஃப்ளாட் ஃப்ளாட்டாக ஏறி இறங்குகிறவன். ஏணி போட்டு நின்றால் அந்த வீட்டு டிவி முழுதாகத் தெரியும். சுவரை அடைத்துக்கொண்டு டிவி ஓடும், ஹாலில் ஒரு ஆள் இருக்காது. வேலைக்காரப் பெண் மட்டும் துணி மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். இன்னொரு வீட்டில் சின்ன டிவிக்கு முன்னால் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, நான் வடிகட்டியைக் கழற்றுவதுகூடத் தெரியாமல் சிரிப்பார்கள். கூடச் சிரிக்க ஆள் இருந்தால் எந்த டிவியும் நல்ல டிவிதான் என்பது ஏணி மேல் நின்று நான் கண்டது. எனக்குக் கூடச் சிரிக்க ஒரு ஆள் இருந்தாள்.

அந்த ஆகஸ்டில் தேராவில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் ஏசி நின்றுபோய் என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். நாடகம் போயிற்று. திரும்பும்போது வேனில் இருந்து போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், இல்லை. அல் நஹ்தா தாண்டியபோது அவளே கூப்பிட்டாள்.

“எங்கடி போன? நான் இன்னைக்குப் பாக்கல. கதையச் சொல்லு.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சொன்னாள். பெரியவர் யாருக்கும் தெரியாமல் காது மிஷின் வாங்கி மாட்டிக்கொண்டாராம். எல்லோரும் சாப்பிடும்போது, இத்தனை நாளும் யார் யார் என்னென்ன பேசினீர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாராம். மூத்தவள் கையில் இருந்த அப்பளம் நொறுங்கிவிட்டதாம். நான் சிரித்த சிரிப்பில் பட்டான் டிரைவர் திரும்பிப் பார்த்து, என்ன ஆச்சு என்று, “க்யா ஹுவா பாய்?” என்றான். “அப்பாகிட்டச் சொன்னியா? குதிச்சிருப்பாரே” என்றேன். “ம்” என்றாள். தலைவலி என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் நாடகம் ஆரம்பிக்கும் முன் காட்டுகிற முந்தின நாள் கதையில் காது மிஷினும் இல்லை, அப்பளமும் இல்லை. பெரியவரே அந்தப் பகுதியில் கிடையாது.

“நீ சொன்னது ஒண்ணும் வரலையே?” என்று கேட்டேன். “வேற நாடகத்தோட கொழப்பிக்கிட்டேன் போல” என்றாள். குழப்பிக்கொள்கிறவள் இல்லை அவள். ஒரு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் எந்தப் புடவை கட்டியிருந்தாள் என்று சொல்லக்கூடியவள். அதைவிட இன்னொன்று என் காதில் உறுத்தியது. அவள் குரலுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. விவாதம் இல்லை. விளம்பரம்கூட இல்லை.

“டிவி ஓடலையா?”

“மாமா தூங்குறாக.”

ஒன்பது மணிக்கு என் அப்பா தூங்கினதாகச் சரித்திரமே கிடையாது. அடுத்த நாள் கேட்டேன், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றாள். அதற்கடுத்த நாள் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றாள். அவளோ தாழ்ந்த குரலில், பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரிப் பேசினாள். நாடகத்தைப் பற்றி நான் எது சொன்னாலும் “ஆமா, ஆமா” என்றாள். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவள் நாலு சொல்வாள்.

மாமனாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இந்த வயதில் ரிமோட்டுக்கு மல்லுக்கட்டி, டிவியையே நிறுத்தி வைத்திருக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். “அவர்கிட்ட போனைக் குடு, நாலு வார்த்தை கேக்கணும்” என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். “வேணாங்க” என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். அப்புறம்தான் வேறு வேறு எண்ணங்கள் வர ஆரம்பித்தன. கணவன் கல்ஃபில் இருக்கிற வீட்டைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று எனக்குத் தெரியும். சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் அதையும் நினைத்தேன். ஏணி மேல் நிற்கும்போது நினைத்தேன், சோற்றைப் பிசையும்போதும் நினைத்தேன்.

அந்த வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஏதாவது தெரியுமா என்று போனைத் திறந்தேன். குரூப்பில் நான் இல்லை. யாரோ என்னை நீக்கியிருந்தார்கள். குரூப்பை நடத்துகிற சித்தப்பா மகனைக் கூப்பிட்டால், “புது போனு மாத்துனேண்ணே, கை பட்டிருக்கும், சேத்துடறேன்” என்றான். சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஷார்ஜா ரோலாவுக்குப் போனேன். எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அங்கே ரெடிமேட் கடையில் நிற்கிறான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சட்டையைப் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. டீ வாங்கித் தந்தான், வேண்டாம் என்றாலும் கேட்காமல் சமோசா வாங்கித் தந்தான். எப்போது பார்த்தாலும் “மாமா எப்படி இருக்காக?” என்று கேட்கிறவன் அன்றைக்குக் கேட்கவில்லை.

“ஊர்ல ஏதும் விசேஷமாடா?”

“ஒண்ணுமில்ல மாப்ள. நீ ஒடம்பப் பாத்துக்க. வெயில்ல ரொம்ப நேரம் நிக்காத.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனுக்கும் தெரிந்திருக்கிறது, ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்து எங்கள் பில்டிங்குக்கு வெல்ஃபேர் ஆபீசர் வந்தார். வடநாட்டுப் பையன், கையில் டேப்லெட். எல்லோரையும் மெஸ் ஹாலில் உட்கார வைத்து, தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறாய், சந்தோஷமாக இருக்கிறாயா என்று இந்தியில் கேட்டுக்கொண்டே வந்தார். திரையில் மூன்று முகங்கள், சிரிக்கிறது ஒன்று, உம்மென்று ஒன்று, அழுகிறது ஒன்று. ஒன்றைத் தொட வேண்டும். அதிகமாக டிவி பார்த்தால் மனசு கெட்டுப்போகும் பாய், அதனால் அறை டிவிகளை எடுத்துவிட்டுக் கேரம் போர்டு தரலாம் என்று யோசிக்கிறோம் என்றார். நல்ல எண்ணம்தான், பாவம்.

“டிவி தேக்னேசே ப்ராப்ளம் நஹி. நஹி தேக்னேசே ப்ராப்ளம்” என்றேன். பார்க்காமல் இருப்பதுதான் பிரச்சினை என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே டேப்லெட்டை என் பக்கம் நீட்டினார். நான் எந்த முகத்தையும் தொடாமல் எழுந்து போனேன். பின்னால் யாழ்ப்பாணத்து அண்ணன், “அவருக்கு வீட்டில ஏதோ யோசினை, விடுங்கோ” என்று ஆபீசருக்குத் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். சுற்றி வளைத்துக் கேட்டால் பதில் வராது, பொறி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நாடகத்தில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வேன். ஆமா என்றாளானால் அவள் டிவி பார்ப்பதில்லை என்று தீர்மானம். அந்த நேரத்தில் எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று அடுத்த கேள்வி. வக்கீல் மாதிரி மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அன்றைய நாடகத்தில் பெரியவர் சௌக்கியமாக உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அது முடிந்தது. போட்டேன் போனை.

“பாத்தியா இன்னைக்கு?”

“பாத்தேன்.”

“பாவிப் பயலுவ, பெரியவரச் சாகடிச்சுட்டானுவளே.”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“என்னடி, பாத்தேங்கிற, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? அவரு செத்து, நடு வீட்ல கெடத்தி, எல்லாரும் அழுதாளுவளே. நீ அழலையா?”

முதலில் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு மாதிரி இழுக்கிற சத்தம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் அது என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

“ஏய், நாடகத்துலதாண்டி. அதுவும் நான் சும்மா சொன்னேன். அவரு முறுக்குத் திங்கிறாரு அங்க. நீ டிவி பாக்கலன்னு தெரியும். ஏன் பொய் சொல்ற?”

“டிவி போடலங்க.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

“போடக் கூடாதுல்ல” என்றாள்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிறவரை டிவி போட மாட்டார்கள். துணி போட்டு மூடிவிடுவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், “யாரு?” என்று கேட்டேன்.

 என் தம்பி அவள் கையில் இருந்து போனை வாங்கினான். “அண்ணே” என்றான். “அப்பாண்ணே.”

காலையில் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். சாயங்காலமே எடுத்துவிட்டார்களாம். எந்த நாள் என்று கேட்டேன். நான் தேராவில் ஏசி பார்த்த நாள்.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களாடா?” என்று கத்தினேன். அறையில் இருந்த மற்றவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். “மூத்தவன் நான்டா! கொள்ளி வைக்க வேண்டியவன் நான்டா!”

“நீ வர முடியாதேண்ணே” என்றான் அவன். அழுதுகொண்டேதான் சொன்னான். “விசா ரினியூவலுக்குப் பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல கெடக்குன்னு நீதான சொன்ன. கோடை முடியற வரைக்கும் ஏசிக்காரனுக்கு லீவு இல்லன்னும் நீதான சொன்ன. ஏணி மேல நிக்கிற மனுசன்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு அம்மாதான் வேணாம்னுச்சு. கருமாதி முடியட்டும், ஆறுதலாச் சொல்லிக்கலாம்னுச்சு. ரோலாவுல நம்ம ஆளுகிட்டயும் சொல்லி வச்சிருந்தோம், ஒனக்கு ஏதும் ஆயிறக் கூடாதுன்னு.”

“கொள்ளி?”

“நான்தாண்ணே வச்சேன்.”

அதற்குமேல் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அம்மா பேசினாள், அழுதாள், நானும் அழுதேன். போனை வைத்தபோது டிவியில் அடுத்த நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து அண்ணன் எழுந்து போய் ரிமோட்டைத் தேடாமல் வயரையே சுவரில் இருந்து பிடுங்கினார். “எங்கட பக்கம் முப்பத்தொண்டு மட்டும் டிவி போடுறேல்லை” என்றார். முப்பத்தோராம் நாள் வரை என்று அர்த்தம். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவன் கிரிக்கெட் பைத்தியம். அவனேதான் டிவி மேல் துண்டைப் போட்டு மூடினான்.

மறுநாள் காலையில் குசைஸ் சலூன் ஒன்றில் மொட்டை போட்டுக்கொண்டேன். மத்தியானம் ஏசி பார்க்கப் போன வீட்டில் வயதான முஸ்லிம் ஒருவர் என் தலையைப் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோய், “உம்ரா முபாரக்” என்று கையைக் குலுக்கினார். மக்காவுக்குப் போய் வந்தவன் என்று நினைத்துக்கொண்டார். “ஷுக்ரன்” என்று நன்றி சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். மேலே போனதும் அழுகை வந்தது. தண்ணீர் ஒழுகுகிற யூனிட் என்பதால் முகம் நனைந்ததை யாரும் கேட்கவில்லை.

என் மனைவி மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தினமும் பேசினேன், ஆனால் இரண்டு வார்த்தைதான். ஊரில் கருமாதி முடிந்த மறுநாள்தான் கேட்டேன்.

“அன்னைக்கு அப்பாவ எடுத்த கையோட எனக்குக் கதை சொல்ல ஒனக்கு எப்புடி மனசு வந்துச்சு? காது மிஷினாம், அப்பளமாம்.”

“கொல்லையில நின்னுக்கிட்டுப் பேசுனேன்” என்றாள். “சொல்லிடணும்னுதான் கூப்புட்டேன். நீங்க கதையச் சொல்லுன்னிய. வாய்க்கு வந்ததச் சொன்னேன். நீங்க சிரிச்சிய. அன்னைக்கு அந்த வீட்ல காலையிலேருந்து ஒப்பாரியத் தவிர நான் வேற ஒண்ணும் கேக்கல. அந்தச் சிரிப்பக் கேட்டதுக்கப்புறம் எப்புடிச் சொல்றது?”

 ஆனாலும் நான் விடவில்லை.

“இனிமே அப்படிச் செய்யாத. அம்மாவுக்கு ஒண்ணுன்னா அன்னைக்கே, அந்த நிமிஷமே எனக்குச் சொல்லணும். சத்தியம் பண்ணு.”

“பண்றேன்” என்றாள். “சொன்னா வந்துருவியளா?”

அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். விசா இன்னும் வரவில்லை. செப்டம்பர் வரை லீவு இல்லை. அடுத்த வருஷக் கோடையும் இப்படித்தான் இருக்கும். வருவேன் என்று சொல்லி ஏமாற்ற நாக்கு எழவில்லை, வர மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் குரலுக்குப் பின்னால் டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

“டிவி போட்டாச்சா?”

“இன்னைக்குத்தான் போட்டோம். அடுப்படியில வேலை, மொதப் பாதி பாக்கல. நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்” என்றேன். எங்கள் அறையில் அந்த வயரை இன்னும் யாரும் சொருகவில்லை.

“அப்ப சொல்லுங்க. என்ன நடந்துச்சு?”

பெரியவரில் இருந்து ஆரம்பித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.